பட்டறை முறை ஆஸ்பத்திரிக்கு ஆகுமா?

தொழிற்சாலைகளில் பிறந்த தர மேம்பாட்டு முறைகளை மருத்துவமனைகளில் கையாளுவது பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றுக்கு, மருத்துவமனைத் தரப் பணியில் இருப்பவர்கள் பதில் தருகிறார்கள்.

மீன்பிடி வலைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்த்துவிட்டு, இப்போது 40 படுக்கை உள்ள மருத்துவமனையில் மேலாளராகச் சேர்ந்திருக்கிறேன். பழைய முறைகளைப் பற்றிப் பேசினாலே ‘மனுஷன் என்ன நைலான் நூலா?’ என்கிறார்கள் டாக்டர்கள். என்ன பதில் சொல்ல?
– மேலாளர், மார்த்தாண்டம்

டாக்டர்கள் சொல்வது பாதி சரி. வலையில் கண்ணி அளவும் முடிச்சின் உறுதியும் முன்கூட்டியே முடிவானவை. காய்ச்சலோடு வருகிற இரண்டு பேருக்கு அப்படி முன்கூட்டி எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் நோயாளி ஆஸ்பத்திரியில் கழிக்கிற நேரத்தில் டாக்டரின் முன்னால் உட்கார்ந்திருப்பது கொஞ்ச நேரம்தான். மிச்சமெல்லாம் டோக்கன், ரத்த மாதிரி, ரிப்போர்ட், மருந்து, சலவைத்துணி, ஆக்ஸிஜன் சிலிண்டர், பில். இவை தினமும் ஒரே மாதிரி நடக்க வேண்டியவை, நடக்காதவை. உங்கள் அனுபவத்துக்கு வேலை அங்கேதான். நோயைக் கண்டறியும் இடத்தில் ஸ்டாப்வாட்சோடு போய் நிற்காதீர்கள்.

முன்மாதிரி கேட்டால் இரண்டைச் சொல்லலாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள விர்ஜீனியா மேசன் மருத்துவமனையின் நிர்வாகிகள் 2002இல் ஜப்பானுக்குப் போய், கார் நிறுவனமான டொயோட்டாவின் உற்பத்தி முறையைத் தொழிற்சாலைத் தளத்திலேயே கற்றார்கள். கோளாறு கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையை நிறுத்தலாம் என்ற அங்குள்ள வழக்கத்தைத் தங்கள் ஊழியர்களுக்கும் கொடுத்தார்கள்: நோயாளிக்கு ஆபத்து என்று தோன்றினால் யாரும் வேலையை நிறுத்தி மேலே சொல்லலாம். இன்னொன்று பக்கத்திலேயே இருக்கிறது. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. அங்கே அறுவை மருத்துவருக்கு இரண்டு மேஜைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளியைத் தயார் செய்து வைத்திருப்பார்கள். நம் மாவட்டத்திலிருந்து திருநெல்வேலி கிளைக்குக் கண்புரைக்காகப் போய் வந்தவர்களிடம் கேட்டாலே இது தெரியும். கண்புரை ஏறக்குறைய ஒரே மாதிரியான வேலை என்பதால்தான் அந்த வரிசை அங்கே அப்படி ஓடுகிறது. உங்கள் பொது மருத்துவப் பிரிவை அதேபோல ஓட்டப் பார்க்காதீர்கள்.

கைசன் (தொடர்ந்து செய்யும் சிறு மேம்பாடு), முடா (வீண் வேலை) என்று ஜப்பானிய வார்த்தைகளை முதல் ஆறு மாதத்துக்கு வாயிலேயே எடுக்காதீர்கள். சிஸ்டர்களுக்குத் தினமும் எரிச்சல் தருகிற விஷயம் ஒன்றைக் கேட்டு அதைச் சரிசெய்து கொடுங்கள். அடுத்ததை அவர்களே கொண்டு வருவார்கள்.

எங்கள் ஓ.பி.யில் இரண்டு டாக்டர்கள். காலையில் கூடம் நிரம்பி வழிகிறது, இரண்டு மணி நேரம் காத்திருப்பு. மூன்றாவது டாக்டரைப் போடச் சொல்கிறார்கள், கட்டுப்படியாகாது. வேறு வழி?
– நிர்வாகி, தக்கலை

டாக்டரைத் தேடும் முன் நேரத்தை அளந்துவிடுங்கள். பதிவின்போது ஓ.பி. சீட்டோடு ஒரு துண்டுத்தாளைக் குத்திவிடுங்கள். அதில் ஏழு கட்டம்: டோக்கன் வாங்கியது, டாக்டர் அறைக்குள் போனது, வெளியே வந்தது, ரத்தம் கொடுத்தது, ரிப்போர்ட் வந்தது, இரண்டாம் முறை டாக்டரைப் பார்த்தது, மருந்து வாங்கியது. ஒவ்வொரு இடத்திலும் இருப்பவர் மணியை எழுத வேண்டும். திங்கள் ஒரு நாள், வாரநடுவில் ஒரு நாள், நாளுக்கு 40 சீட்டு போதும். ஞாயிறு ஓ.பி. இல்லாத ஆஸ்பத்திரிகளில் திங்கள் கூட்டம் தனி ரகம். அதை விட்டுவிட்டு அளந்தால் கணக்கு பொய் சொல்லும். சராசரியோடு நிற்காமல், பத்துப் பேரில் ஒன்பதாவது ஆள் எவ்வளவு காத்திருந்தார் என்றும் பாருங்கள். சண்டை அங்கிருந்துதான் கிளம்பும்.

அளக்கும் முன்பே ஒரு குத்துமதிப்பு கிடைக்கும். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி ஒன்று இருக்கிறது: உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கையை, ஒரு மணிக்கு வேலை முடிந்து வெளியேறுகிறவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரியாக உள்ளே இருக்கும் நேரம் வரும். ஒரு நோயாளிக்கு 5 நிமிடம் என்றால் இரண்டு டாக்டர்களும் மணிக்கு 24 பேர் பார்ப்பார்கள். கூடத்தில் எப்போதும் 45 பேர் இருந்தால் 45ஐ 24ஆல் வகுக்க, ஏறக்குறைய 1 மணி 52 நிமிடம். நீங்கள் சொல்லும் இரண்டு மணிக்கு இது நெருங்கி வருகிறது. காத்திருப்பைக் குறைக்க, வெளியேறுகிற வேகத்தைக் கூட்டலாம், அல்லது எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வருவதைத் தடுக்கலாம். இரண்டாவதற்குச் செலவு குறைவு.

பெரும்பாலும் துண்டுத்தாளில் தெரிய வருவது இவைதான். டோக்கன் 8 மணிக்கே தொடங்கிவிடும், டாக்டரோ வார்டு ரவுண்ட்ஸ் முடித்து 10.15க்கு உட்காருவார். அதற்குள் 30 பேர் சேர்ந்துவிட்டால், அந்த 30 பேரைப் பார்த்து முடிக்கவே 1 மணி 15 நிமிடம் ஆகும். அதன்பின் வருகிறவர்கள் எல்லாம் அந்தக் கடனின் வட்டியைக் கட்டுகிறவர்கள். ரவுண்ட்ஸை 7.30க்கு மாற்ற டாக்டர் ஒப்புக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். ஒப்புக்கொள்ளாவிட்டால் டோக்கனில் நேரத்தை அச்சிடுங்கள்: அரை மணிக்கு 10 பேர். மேலே சொன்ன கணக்கில் இரண்டு டாக்டர்களும் அரை மணிக்கு 12 பேரைப் பார்க்க முடியும். இரண்டை அவசரத்துக்கு விட்டு வையுங்கள்.

அந்த இரண்டு இடத்தை ‘சும்மா இருக்கிறதே’ என்று நிரப்பிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. வருகையும் பார்க்கும் நேரமும் முன்பின்னாக இருக்கிற இடத்தில், டாக்டரின் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பினால் சராசரி வரிசைக் காத்திருப்பு ஒரு நோயாளியைப் பார்க்கும் நேரத்தைப்போல 4 மடங்கு. 90 சதவீதத்தில் 9 மடங்கு, 95இல் 19 மடங்கு. ஒரு டாக்டர், 5 நிமிடம் என்ற கணக்கில் முறையே 20, 45, 95 நிமிடம். கடைசிப் பத்துப் பதினைந்து சதவீதத்தைப் பிழிந்தெடுப்பதால்தான் கூடம் சந்தைக்கடை ஆகிறது.

இங்கே உள்ளூர் விஷயம் ஒன்று. ஆறுகாணி, பத்துகாணி, பேச்சிப்பாறை பக்கமிருந்து வருகிறவர்கள் டோக்கன் நேரத்தைப் பார்த்து வரமாட்டார்கள், பஸ் நேரத்தைப் பார்த்துத்தான் வருவார்கள். அந்தப் பஸ்கள் வந்து சேரும் நேரங்களை ஒரு தாளில் எழுதி, அதற்கு அடுத்த அரை மணியின் இடங்களை அவர்களுக்கு ஒதுக்குங்கள். நடந்து வரும் தூரத்தில் இருக்கும் தக்கலைக்காரர்களுக்குப் 11 மணிக்கு மேல் கொடுக்கலாம்.

அடுத்தது லேப். ரத்தம் எடுப்பவர் தட்டு நிரம்பட்டும் என்று 20 குழாய் சேரும்வரை வைத்திருப்பார். முதல் குழாய் 40 நிமிடம் சும்மா கிடக்கும். சீரம் குழாயில் ரத்தம் உறைய 30 நிமிடம், வேகமாகச் சுழற்றிச் சீரத்தைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜில் 10 நிமிடம் எப்படியும் வேண்டும். அதைக் குறைக்க முடியாது, குறைக்கவும் கூடாது. சேர்த்து வைக்கும் அந்த 40 நிமிடத்தைத்தான் வெட்ட வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை இருக்கிற குழாய்களோடு தட்டு லேபுக்குப் போகட்டும். சென்ட்ரிஃபியூஜ் பாதி காலியாகச் சுற்றுகிறதே என்று டெக்னீஷியனுக்கு மனசு கேட்காது. சுற்றட்டும். எதிர்ப்பக்கம் அதே எடைக்குத் தண்ணீர் ஊற்றிய குழாய் வைத்தால் போதும். சர்க்கரை, தைராய்டு என்று மாதாமாதம் வருகிறவர்களுக்கு டாக்டரைப் பார்க்கும் முன்பே ரத்தம் எடுக்க நிரந்தர உத்தரவு வாங்கி வைத்தால், டாக்டரை இரண்டாம் முறை பார்க்கும் வரிசையே அவர்களுக்கு இருக்காது. மற்றவர்களுக்கு, கதவடியில் நிற்கும் சிஸ்டர் மூன்று புதியவர், ஒரு ரிப்போர்ட் என்ற கணக்கில் உள்ளே விடட்டும். அந்தக் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் சத்தம் போடுகிறவர்தான் முதலில் போவார்.

இத்தனையையும் ஒரே திங்கட்கிழமை தொடங்காதீர்கள். ஒரு டாக்டர், ஒரு காலை, ஒரு மாற்றம். மாலையில் துண்டுத்தாளைப் பாருங்கள். தேறினால் ஒரு வாரத்துக்கு நீட்டுங்கள்.

தர ஆய்வுக்கு வருகிறார்கள் என்று எல்லா அலமாரிக்கும் லேபிள் ஒட்டினோம், ஐந்து எஸ் சார்ட் மாட்டினோம். இரண்டு மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. எமர்ஜென்சி டிராலியிலாவது ஒழுங்காக நடக்க என்ன செய்யலாம்?
– ஸ்டாஃப் நர்ஸ், குளச்சல்

ஐந்து எஸ் என்பது பணியிடத்தை ஒழுங்காக வைக்கும் ஐந்து படி முறை. லேபிள் ஒட்டுவது அதில் இரண்டாம் படி, சிஸ்டர். முதல் படி வேண்டாததை வெளியே எடுப்பது. அதை விட்டுவிட்டு லேபிளில் தொடங்கினால் குப்பைக்கும் பெயர் வைத்ததுதான் மிச்சம்.

டிராலியை முழுக்கக் காலி செய்து மேஜையில் பரப்புங்கள். டியூட்டி டாக்டரையும் மயக்க மருத்துவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் 10 நிமிடத்துக்கு எது வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். சந்தேகமானவற்றுக்குச் சிவப்பு அட்டை கட்டித் தேதி எழுதித் தனிப் பெட்டியில் 30 நாள் வையுங்கள். யாரும் தேடி வராவிட்டால் ஸ்டோருக்குப் போகட்டும். பொட்டாசியம் குளோரைடு அடர் ஆம்பூல் வார்டு டிராலியில் இருக்கவே கூடாது. 15 சதவீத 10 மி.லி. ஆம்பூலில் 20 மில்லி ஈக்விவலன்ட் இருக்கிறது. பார்ப்பதற்கு வடிநீர் ஆம்பூல் போலவே இருக்கும், நீர்க்காமல் நரம்பில் போட்டால் இதயம் நின்றுவிடும். பூட்டுப்போட்ட தனி இடத்துக்கு மாற்றுங்கள்.

மேல் தட்டில் மூச்சுக்குழல் கருவிகள், அடுத்ததில் மருந்து, அதன்கீழ் ஐ.வி. பொருட்கள் என்று எல்லா வார்டு டிராலியும் ஒரே அடுக்காக இருக்க வேண்டும். இரவில் வேறு வார்டிலிருந்து ஓடி வருகிற சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடிந்தால்தான் அது ஒழுங்கு. அட்ரினலினும் அட்ரோபினும் தட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் வேண்டாம். ஆம்பூலின் அளவிலேயே குழி வெட்டிய ஃபோம் தகடு போட்டால், ஒன்று குறைந்தாலும் பள்ளம் காட்டிக்கொடுக்கும்.

பிறகு எண் பொறித்த பிளாஸ்டிக் சீல். ஒவ்வொரு ஷிஃப்டிலும் முழு டிராலியை எண்ணச் சொன்னால் மூன்றாம் நாளே எண்ணாமல் டிக் போடுவார்கள். அது சோம்பல் இல்லை, நேரம் இல்லை. சீல் எண்ணை மட்டும் ஷிஃப்டுக்கு ஒருமுறை நோட்டில் எழுதட்டும். எண் மாறியிருந்தால் திறந்து எண்ணட்டும். மாதம் ஒருமுறை முழுச் சோதனை. உள்ளே இருப்பவற்றில் முதலில் காலாவதியாகும் மருந்தின் பெயரையும் தேதியையும் வெளியில் பெரிதாக எழுதி வையுங்கள். தொண்டைக்குள் பார்க்கும் விளக்குக் கருவியான லாரிங்கோஸ்கோப் சீலுக்கு வெளியே இருக்கட்டும், தினமும் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். கடற்காற்று படும் உங்கள் ஊரில் பேட்டரி முனைகளில் களிம்பு ஏறுவது சீக்கிரம்.

தினமும் தீர்கிற பொருட்களுக்கு இரட்டைப் பெட்டி முறை. ஐ.வி. கேனுலா 20 எண், நாளுக்கு 25 செலவு, ஆர்டர் கொடுத்து 2 நாளில் நாகர்கோவிலிலிருந்து வரும், ஒரு நாள் கையிருப்பு பாதுகாப்புக்கு என்று வைத்தால் 25ஐ 3ஆல் பெருக்கி ஒரு பெட்டிக்கு 75. முதல் பெட்டி காலியானதும் அதன் அடியில் இருக்கும் அட்டை ஸ்டோருக்குப் போகும், 75 வாங்கப்படும். அதுவரை இரண்டாம் பெட்டி ஓடும். இதுதான் டொயோட்டாவின் கான்பான். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பாதுகாப்பு நாளை 3 ஆக்கி, பெட்டிக்கு 125 என்று அட்டையை மாற்றுங்கள். இந்த முறை கெடுவது ஒரே இடத்தில்தான்: புதுச் சரக்கைப் பழைய பெட்டியின் மேலேயே கொட்டிவிடுவார்கள். அடியில் கிடப்பது காலாவதியாகும், அட்டையும் வெளியே வராது. பெட்டி முழுக்கக் காலியாகாமல் நிரப்பக் கூடாது.

ஒரு நோயாளியின் ரத்தக் குழாயில் இன்னொருவர் பெயர் ஒட்டப்பட்டுவிட்டது. எழுதிய நர்சுக்கு மெமோ கொடுத்தோம். அடுத்த மாதம் வேறொருவர் அதே தப்பைச் செய்தார்.
– மருத்துவமனைச் செயலர், நாகர்கோவில்

ஆள் மாறியும் தப்பு மாறவில்லை என்றால் தப்பு வேலை நடக்கும் விதத்தில் இருக்கிறது. ‘ஏன்’ என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டே போங்கள். ஏன் மாறியது? ஐந்து குழாய்க்கும் நர்ஸ் மேஜையிலேயே முன்கூட்டிப் பெயர் எழுதிவிட்டார். ஏன் மேஜையில்? படுக்கையருகே எழுத இடம் இல்லை. ஏன் இல்லை? ரத்தம் எடுக்கத் தனி டிராலி இல்லை, சிறுநீரகத் தட்டில் குழாய்களைச் சுமந்து போகிறார்கள். ஏன் ஐந்து பேருக்கும் ஒன்றாக? லேப் பையன் 6 மணிக்கு ஒரே ஒரு முறைதான் வருவான். இந்த இரண்டு காரணத்தில் ஒன்றுகூட நர்ஸின் கையில் இல்லை.

செய்ய வேண்டியது: சிறு டிராலி, அதில் பேனாவும் லேபிள் தாளும். குழாயில் ரத்தம் எடுத்த பிறகு, படுக்கையை விட்டு நகரும் முன் லேபிள். பெயரோடு மருத்துவமனை எண்ணும் கட்டாயம். மேரி, செல்வி, ராஜன் என்று ஒரே வார்டில் இரண்டிரண்டு பேர் படுத்திருக்கும் மாவட்டம் இது. ‘நீங்கதானே மேரி?’ என்று கேட்டால் அரைத்தூக்கத்தில் இருப்பவர் ஆமாம் என்றுதான் சொல்வார். ‘உங்க பேரு என்ன?’ என்று கேட்கச் சொல்லுங்கள். லேபிள் இல்லாத குழாயை லேப் வாங்கவே கூடாது. அதில் தயவுதாட்சண்யம் காட்டினால் மற்றதெல்லாம் வீண்.

தீர்வுகளுக்கும் ஏறுவரிசை உண்டு. மெமோ கடைசி, வகுப்பெடுப்பது அதற்குக் கொஞ்சம் மேல், சரிபார்ப்புப் பட்டியல் இன்னும் மேல், தப்பு செய்யவே முடியாதபடி பொருளை அமைப்பது எல்லாவற்றுக்கும் மேல். மயக்க மருந்துக் கருவியில் நைட்ரஸ் ஆக்ஸைடு சிலிண்டரை ஆக்ஸிஜன் இடத்தில் மாட்ட முடியாது. சிலிண்டரைப் பொருத்தும் இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளின் இடம் வாயுவுக்கு வாயு மாறும். அந்த வகை.

போன மாதம் நோயாளிகள் கீழே விழுந்த சம்பவம் 4, இந்த மாதம் 7. கூட்டத்தில் பெரிய விசாரணை நடந்தது. நிலைமை உண்மையிலேயே மோசமாகிவிட்டதா?
– தர ஒருங்கிணைப்பாளர், கருங்கல்

இரண்டு எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் 1924இல் கட்டுப்பாட்டு வரைபடத்தை வரைந்தது இதே கேள்விக்காகத்தான். நோயாளிகளின் எண்ணிக்கை மாதாமாதம் அவ்வளவாக மாறவில்லை, சராசரி மாதத்துக்கு 5 என்று வையுங்கள். 5இன் வர்க்கமூலம் 2.24, அதன் மூன்று மடங்கு 6.7. மேல் எல்லை 11.7. கீழ் எல்லை பூஜ்யத்துக்குக் கீழே போவதால் பூஜ்யம். 4, 7 எல்லாம் இயல்பான ஏற்ற இறக்கம். விசாரணையில் வீணானது நேரம்தான். 12 வந்தால் விசாரியுங்கள்.

கணக்கு வேண்டாமென்றால் வரைபடத் தாளில் மாதப் புள்ளிகளை வைத்து இடைநிலைக் கோடு போடுங்கள். தொடர்ந்து 6 புள்ளி ஒரே பக்கம் விழுந்தாலோ, 5 புள்ளி விடாமல் ஏறினாலோ இறங்கினாலோ ஏதோ மாறியிருக்கிறது. நோயாளி எண்ணிக்கை மாறுமானால் விகிதமாக்குங்கள். சிறுநீர்க் குழாய்த் தொற்று என்றால் மாதத்தில் 620 குழாய் நாட்களுக்கு (குழாய் போட்ட ஒவ்வொருவரின் நாட்களையும் கூட்டியது) 3 தொற்று, 1000 நாளுக்கு 4.84. ஒன்று நினைவிருக்கட்டும்: சம்பவத்தை எழுதியவரைத் திட்டுவதை நிறுத்திய மாதத்தில் எண்ணிக்கை ஏறும். முன்பு மறைத்தது இப்போது தாளுக்கு வருகிறது. அந்த ஏற்றத்துக்குப் பயந்து மறுபடி திட்டத் தொடங்கினால், அடுத்த மாதம் வரைபடம் அழகாக இறங்கும். நோயாளிகள் விழுவது நிற்காது.

சிக்ஸ் சிக்மா பச்சை பெல்ட் படிப்பில் சேரலாமா? கட்டணம் அதிகம்.
– பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர், களியக்காவிளை

இப்போது வேண்டாம். பத்து லட்சம் வாய்ப்புக்கு 3.4 பிழை என்ற அந்த அளவு, 1980களில் மோட்டரோலாவில் லட்சக்கணக்கில் உதிரிபாகம் செய்த இடத்தில் பிறந்தது. மாதம் 100 பேரை டிஸ்சார்ஜ் செய்யும் மருத்துவமனையில் அதை நிரூபிக்கவே எண்ணிக்கை போதாது. அரசு மருத்துவமனைகளுக்கான தேசியத் தர உறுதிக் கையேடு இலவசமாகவே கிடைக்கிறது, அதைப் படியுங்கள். வார்டில் ஒரு சிறு மாற்றம் செய்து, முன்னும் பின்னும் அளந்த வரைபடம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். நேர்முகத்தில் பெல்ட்டைவிட அது பேசும்.

அறுவை அரங்கச் சரிபார்ப்புப் பட்டியலை நூற்றுக்கு நூறு நிரப்புகிறோம். அப்படியும் ஒரு நாள் கிருமிநீக்கம் செய்த கருவி செட் இல்லாமல் கேஸ் பாதியில் நின்றது. எப்படி?
– அரங்க சிஸ்டர், மொளச்சல்

நூற்றுக்கு நூறு என்பதே சந்தேகத்துக்கு இடம். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் 19 அம்சங்கள், மூன்று நிறுத்தங்கள்: மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி அரங்கை விட்டுப் போகும் முன். 2009இல் வெளியான எட்டு நகர ஆய்வில், அதில் புது டெல்லியும் உண்டு, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. 2014இல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் பார்த்தபோது சொல்லும்படியான குறைவு இல்லை. பட்டியல் ஏறக்குறைய அதேதான். கேஸ் முடிந்தபின் ஒருவர் உட்கார்ந்து டிக் போட்டால் அது பதிவேடு, சரிபார்ப்பு இல்லை.

தாளை எடுத்துவிட்டு, பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். ஒருவர் உரக்கப் படிக்க, அந்தந்தப் பொறுப்பாளர் வாயால் பதில் சொல்லட்டும். செட்டைப் பற்றிக் கேட்கும்போது ‘இருக்கு’ என்ற பதிலை ஏற்காதீர்கள். பொதிக்குள் இருக்கும் ரசாயன அட்டை நிறம் மாறியதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். வெளியே ஒட்டிய டேப் நிறம் மாறியிருந்தால் பொதி, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குள் போய் வந்தது என்பது மட்டுமே தெரியும்.

அம்மாவுக்குக் காலை 9 மணிக்கு ‘இன்னைக்கு டிஸ்சார்ஜ்’ என்றார்கள். வீடு வந்து சேர மாலை 5. இன்சூரன்ஸ்தான் காரணம் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, குலசேகரம்

கொஞ்சம் உண்மை. காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையத்தின் 2024 சுற்றறிக்கைப்படி, பணமில்லாச் சிகிச்சையில் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்ததிலிருந்து 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி அனுமதி தர வேண்டும். அதற்குமேல் தாமதித்து மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் அதையும் நிறுவனமே ஏற்க வேண்டும். ஆனால் அந்தக் கடிகாரம் கோரிக்கை அனுப்பியபோதுதான் ஓடத் தொடங்கும். 9 மணிக்கு டாக்டர் சொன்னபின் சுருக்க அறிக்கை டைப் செய்வது, மீதி மருந்தை ஃபார்மசிக்குத் திருப்புவது, லேப் பில்லைச் சேர்ப்பது என ஒன்று முடிந்து ஒன்றாக நடந்தால் கோரிக்கை கிளம்பவே மதியம் 1 மணி ஆகிவிடும்.

நடத்துகிறவர்கள் இதை முந்தைய மாலையே தொடங்கலாம்: நாளை போகக்கூடியவர்களின் பட்டியலை 4 மணிக்கு டாக்டரிடம் வாங்கி, அறிக்கையின் வரைவையும் மருந்துத் திருப்பலையும் இரவுப் பணியிலேயே முடித்து வைக்கலாம். காலையில் பார்த்துவிட்டு டாக்டர் வேண்டாமென்றால் நட்டம் ஒரு தாள். நீங்கள் செய்யக்கூடியது, முந்தைய நாளே சிஸ்டரிடம் ‘நாளைக்குப் பட்டியல்ல அம்மா பேர் இருக்கா?’ என்று கேட்பது. மறுநாள் தாமதமானால் பில்லிங் மேஜையில், கோரிக்கை எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.